சந்தனப் பொட்டு வைத்த இருபத்து நான்கு டியூப்கள்

தம்பி,

குங்குமச் சிமிழை நான் பிடுங்கவில்லை. வாங்கினேன். கொஞ்சம் வேகமாக வாங்கினேன், அவ்வளவுதான். அது கை நழுவிக் கீழே விழுந்து, கூடமெல்லாம் சிவப்பாகி, "ஆயுத பூஜையும் அதுவுமா இப்படிக் கொட்டிட்டீங்களே" என்று உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்கு நான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அப்பா, உங்களுக்கு சயின்ஸும் தெரியாது, சாமியும் தெரியாது" என்று கத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தாயே, அதில் பாதிதான் சரி. சாமி எனக்குத் தெரியாது. சயின்ஸ் அப்படி இல்லை. பதினைந்து வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவிய கையில் அதில் ஒரு துளியாவது ஒட்டாமலா போயிருக்கும்?

நீ முக்கொம்புக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். இந்நேரம் கூட்டாளிகளோடு மதகுப் பக்கம் உட்கார்ந்து, எங்க அப்பாவுக்கு வயசாகிவிட்டது, மண்டை கொஞ்சம் கலங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பாய். சொல்லிக்கொள். நீ திரும்ப சாயங்காலம் ஆகும். அதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். நாளைக் காலை ரயிலில் அந்த டியூப் பெட்டியையும் டைப் அடித்த தீசிஸையும் எடுத்துக்கொண்டு நீ மெட்ராஸ் போகிறாய். போய்க் கொடுத்துவிட்டால் அதிலுள்ளது அச்சில் ஏறிவிடும். வாயால் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஒரு வேடிக்கை பேசி நழுவிவிடுவேன். பதிமூன்று வருஷமாக அப்படித்தான் நழுவிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் நழுவ இடமில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணிக்கொண்டு போனால் நீதான் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் நடந்ததை நீ ஒரு பக்கமாகத்தான் பார்த்தாய். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். கூடத்தில் உட்கார்ந்து உன் தீசிஸைத் தமிழில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குப் படித்துக் காட்டினாய். நாகப்பட்டினத்துக் கடலடியில் கிடக்கிற சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியா, இதுவரைக்கும் யாருமே பெயர் வைக்காதது என்றாய். "அப்ப நீதான் பேரு வைக்கணுமா? உன் தாத்தா பேரை வையேன்டா" என்றாள் அவள். "லத்தீன்ல வைக்கணும்மா." "தாத்தாவுக்கு லத்தீன்ல ஒரு பேரு இருக்காதா?" மூன்று பேரும் சிரித்தோம். அதுவரைக்கும் நல்ல நாள்தான். அப்புறம் ஒரு பக்கத்தைத் திருப்பினாய். "இதே மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சதா முன்னாடியே திருச்சியில ஒருத்தர் எழுதினார்மா. கடைசியில பார்த்தா அது சாதாரணமா ஆத்துலயும் குளத்துலயும் இருக்கிற பூச்சி. கையாண்டவரோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்கேன்." யாருடா அவர் என்று அம்மா கேட்டாள். "நம்ம மரியசூசை சார்தான். நல்ல மனுஷன், பாவம். ஆனா வேலை சுத்தமில்லை."

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். அந்தச் சமயம் பார்த்து உன் அம்மா, பிள்ளையின் பூச்சிகளுக்கும் ஒரு பொட்டு வைத்து அனுப்புகிறேன் என்று குங்குமச் சிமிழோடு எழுந்து பெட்டியைத் திறந்தாள். நீயும் "வெளியில லேசா வைம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாய். அப்போதுதான் நான் பாய்ந்தேன். என் கோபம் அவள் மீதும் இல்லை, குங்குமத்தின் மீதும் இல்லை. கையாண்டவரின் கவனக்குறைவு என்று நீ எழுதியது சரியான வாக்கியம், தம்பி. கையாண்டவர் யார் என்பதில்தான் தப்பு.

என்னை அந்த லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனதே மரியசூசை சார்தான். இது உனக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. அப்போது நான் மலைக்கோட்டைக்குக் கீழே சின்னக் கடைவீதியில் ஒரு சோடாக் கடையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். ஒல்லியாக, வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் வந்து சோடா கேட்டார். குடிக்கவில்லை. பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் கழுவினது யாரு?" என்றார். ஏதோ பூச்சி கிடக்கிறது போல என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவனைக் கை காட்டினேன். பார், அப்போதே என் புத்தி அப்படித்தான். அவன், "ஐயோ, நான் இல்லீங்க, இவருதான்" என்று என்னைக் காட்டினான். "இவ்வளவு சுத்தமான கண்ணாடி என் காலேஜ்லயே இல்லை. எங்கிட்ட வர்றியா? அங்கேயும் இதே வேலைதான், பாட்டில் மட்டும் சின்னது" என்றார். அப்படித்தான் நாற்பது வயதுக்கு மேல் நான் காலேஜ் போனேன். நம் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நீ என்று பெருமை அடித்துக்கொள்கிறாயே, கணக்கைத் திருத்திக்கொள்.

லேபில் எனக்குச் சமையல் வேலையும் சேர்ந்தது. மீன் வேகவைத்த சாறு, உப்பு, பெப்டோன், அதைக் கெட்டியாக்க அகர். எல்லாவற்றையும் காய்ச்சி, டியூபில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, ஆட்டோகிளேவில் ஆவியில் வேகவைக்க வேண்டும். உள்ளே இருக்கிற கிருமியெல்லாம் அதில் செத்துவிடும். வெளியில் இருப்பது பஞ்சைத் தாண்டி உள்ளே போகாது. அப்புறம் டியூபைச் சாய்த்து வைத்து ஆறவிட்டால் உள்ளே ஒரு சரிவு உறைந்து நிற்கும். அதன்மேல் சார் கம்பி வளையத்தால் ஒரு கோடு இழுப்பார். சாயங்காலம் மீன் வாசனையோடு நான் ஸ்ரீரங்கத்துத் தெருவில் நடந்து வருவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்க ஆத்துக்காரர் காலேஜ்ல என்ன பண்றார்?" என்று உன் அம்மாவைக் கேட்டாள். இவளோ அசராமல், "பூச்சிகளுக்குச் சமைச்சுப் போடுறாரு" என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் மூன்று மாதம் அந்த மாமி நம் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

சேறு எடுக்க நாகப்பட்டினம் போனது உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு அப்போது ஒன்பது வயது. சாரும் நானும் மட்டும் போனோம். ஒரு மீனவரின் படகில் ஏறி, கரை கோடு மாதிரி மெலிகிற தூரம் போய், ஈயக்குண்டு கட்டிய பித்தளைக் குழாயைக் கயிற்றில் இறக்கினோம். அது அடித்தரையில் குத்தி, ஒரு முழம் சேற்றை விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. கறுத்த சேறு. அழுகிய முட்டை நாற்றம். படகுக்காரர், "இதுக்காகவா திருச்சியிலேர்ந்து வந்தீங்க? சொல்லியிருந்தா என் வீட்டுப் பின்னாடியே வெட்டிக் குடுத்திருப்பேனே" என்றார். சேற்றைப் பாட்டில்களில் அடைத்து, ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில் வைத்தோம். கடல் தண்ணீரை உன் அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் இரண்டில் நிரப்பினோம். அந்த ஜாடிகள் எங்கே போயின என்று அவள் இன்னும் தேடுகிறாள், சொல்லிவிடாதே. ரயிலில் தஞ்சாவூர் வருவதற்குள் ஐஸ் கரைந்து பெட்டி மணக்க ஆரம்பித்தது. டிக்கெட் பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "யாருய்யா அழுகின கருவாடு ஏத்தினது?" என்றார். சார் எழுந்து நின்று, ஸ்கூல் பையன் மாதிரி, "கருவாடு இல்லீங்க, சேறு" என்றார். "சேத்துக்கு எதுக்குய்யா செகண்ட் கிளாஸ்?" ரயில் பெட்டியே சிரித்தது. சாரும் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சேற்றைக் கரைத்து, தட்டில் பரப்பி, நாலைந்து நாள் வைத்தோம். வெள்ளை, மஞ்சள், சாம்பல் என்று புள்ளி புள்ளியாக முளைத்தது. அதில் ஒன்று மட்டும் ஆரஞ்சு மிட்டாய் நிறம். சார் அதைத் தனியாக எடுத்துப் பிரித்தார், திரும்பப் பிரித்தார், மூன்றாம் தரமும் பிரித்தார். அதன் பிறகு ஆறு மாதம் நடந்ததை நீ படித்துத் தெரிந்துகொண்டாய், நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பாக்டீரியாவை யார் என்று கண்டுபிடிப்பது பெண் பார்க்கப் போவதைவிட மோசம். முகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, குச்சி இல்லாவிட்டால் உருண்டை. அதனால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஊதா மை பூசி ஸ்பிரிட்டில் கழுவினால் நிறத்தைப் பிடித்துக்கொள்வாயா, விட்டுவிடுவாயா? சர்க்கரை கொடுத்தால் புளிக்கவைப்பாயா? பாலைத் திரிப்பாயா? நீந்துவாயா? சூடு எவ்வளவு தாங்குவாய்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை டியூப். எல்லாப் பதிலையும் வைத்துக்கொண்டு தலையணை மாதிரி ஒரு புத்தகத்தில் ஒத்துப்பார்க்க வேண்டும். எந்தக் குடும்பத்தோடும் ஒட்டவில்லை என்றால்தான் புதுசு. என் விரல் மாதக்கணக்கில் ஊதாவாகவே இருந்தது. உன் அம்மா, "அந்தக் கையால சாதம் பிசையாதீங்க, பார்க்கவே சகிக்கலை" என்று எனக்குக் கரண்டி கொடுத்துவிட்டாள்.

அந்தக் கேள்விகளில் முக்கியமானது உப்புக் கேள்வி. நிஜமாகவே கடலில் பிறந்ததா, அல்லது ஆற்றுவெள்ளத்தோடு போய்க் கடலில் மாட்டிக்கொண்டதா? அதற்குச் சார் ஒரே உணவை இரண்டு விதமாகச் செய்யச் சொன்னார். ஒன்று ஊறுகாய் ஜாடிக் கடல் தண்ணீரில், இன்னொன்று காவிரித் தண்ணீரில். கடல் தண்ணீரில் ஆரஞ்சு பளபளவென்று வளர்ந்தது. காவிரியில் ஒன்றுமே இல்லை, சுத்தம். ஐந்து தரம் செய்து பார்த்தோம், ஐந்து தரமும் அதேதான். இன்னொன்றும் உண்டு. வளர்ந்து ஒரு வாரமானால் அந்த டியூபில் ஒரு வாசனை வரும். சார் அதற்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான், "வெள்ளரிப்பழம் சார்" என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். "அதேதான்யா!" நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொண்டார், வெள்ளரிப்பழம் என்று. அந்த நோட்டில் என்னுடைய வார்த்தை அது ஒன்றுதான்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. சாரின் குறிப்பு ஒரு சயின்ஸ் பத்திரிகையில் அப்போதே வந்திருந்தது. அந்தப் பூச்சியைச் சீமையில் உள்ள ஒரு லேபுக்கு அனுப்பி, அவர்கள் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும்; அதுதான் பாக்கி. பன்னிரண்டு டியூப் சீமைக்கு, பன்னிரண்டு இங்கே இருப்புக்கு. விஜயதசமி கழிந்து தபாலில் போடுவதாக ஏற்பாடு. சார் கிறிஸ்தவர், ஆனாலும் லேபில் பூஜை செய்ய வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொரி கடலைக்கு முதல் ஆளாகக் கை நீட்டுவார். அன்றைக்குக் காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் குளித்துவிட்டு, ஒரு செம்பு காவிரித் தண்ணீர் கொண்டுபோய், அதிலேயே சந்தனம் அரைத்தேன். சார் சொன்னார்: "மைக்ராஸ்கோப்புக்கு வை, ஆட்டோகிளேவுக்கு வை, வேணும்னா என் நெத்தியிலயும் வை. டியூப் பக்கம் மட்டும் போகாதே." சரிங்க சார் என்றேன்.

அவர் வீட்டுக்குக் கிளம்பின பிறகு அந்த டியூப் பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆட்டோகிளேவ் எங்கேயும் போகப் போவதில்லை, அதற்குப் பொட்டு. கப்பல் ஏறிச் சீமைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பொட்டு இல்லை. இது என்ன நியாயம்? ஒவ்வொரு டியூபின் பஞ்சிலும் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன், இருபத்து நான்கிலும், ஒன்றுகூட விடாமல். சந்தனம் தண்ணியாக இருந்ததால் பஞ்சு உடனே குடித்துவிட்டது. மறுபடியும் வைத்தேன். அப்புறம் சாருக்குத் தெரியக்கூடாதே என்று மேலே தெரிந்ததைத் துடைத்துவிட்டு, பெட்டிக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டு வந்தேன். அவ்வளவு பிரியமாக நான் செய்த வேலை வேறு எதுவும் இல்லை, தம்பி. அவ்வளவு கேடாகச் செய்த வேலையும் வேறு இல்லை.

ஈரப் பஞ்சு என்பது திறந்து கிடக்கிற கதவு. அதைப் பின்னால் நீதான் எனக்குச் சொன்னாய், முதல் வருஷம் லேபுக்குப் போய்விட்டு வந்து, பெரிய ரகசியம் மாதிரி. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். சந்தனத்தில் இருந்த காவிரிப் பூச்சிகள் அந்தக் கதவு வழியாக உள்ளே இறங்கி, சாரின் கடல் பூச்சியை மூடி அமுக்கிவிட்டன. ஸ்ரீரங்கத்திலிருந்து முதன்முதலில் சீமைக்குப் போனவர்கள் அவர்கள்தான். பாஸ்போர்ட் நான் கொடுத்தது. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது, மரியாதையாக, இரண்டே வரியில். நீங்கள் அனுப்பியது ஆற்றில், மண்ணில், எங்கும் இருக்கிற சாதாரண வகை, உப்பே தேவையில்லாதது என்று. சார் இருப்பில் இருந்த பன்னிரண்டையும் திறந்து பார்த்தார். ஆரஞ்சு இல்லை. வெளுத்த ஏடு. காவிரித் தண்ணீர் உணவில் கோடு இழுத்தார். மறுநாளே மளமளவென்று வளர்ந்தது. "பஞ்சை யாராவது எடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார். "இல்லைங்க சார்" என்றேன். எடுக்கவில்லை என்பது உண்மைதானே? அந்த உண்மையைத்தான் பதிமூன்று வருஷமாக நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கழுவும்போது பஞ்சைத் திருப்பினேன். அடியில் சந்தனக் கறை, மஞ்சளாக, பன்னிரண்டில் எதைத் திருப்பினாலும். எல்லாவற்றையும் அள்ளி அடுப்பில் போட்டேன்.

அன்றைக்குச் சார் ஜன்னலோரம் நின்றுகொண்டு சொன்னார்: "நான் முதல்ல பார்த்ததே தப்பா இருக்கும்யா. ஆசையில பார்த்தா எல்லாம் ஆரஞ்சாத்தான் தெரியும்." நான் டியூப் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரமாக்க அவர் எழுதிக் கொடுத்திருந்தார். சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன். இன்றைக்கு யோசித்தால் அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை என்று தெரிகிறது. "முட்டாள்" என்று ஒரு தடவை திட்டிவிட்டு, "வா, மறுபடியும் நாகப்பட்டினம் போவோம்" என்று சொல்லியிருப்பார். சொல்லாததால் அவர் பத்திரிகைக்கு எழுதி, தன் குறிப்பு தவறு என்று போடச் சொன்னார். காலேஜில் மற்றவர்கள், "சார், கடலுக்குப் போறேன்னு குழாயடிக்குப் போயிட்டீங்களா?" என்று கேலி செய்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். அப்புறம் சேற்றைத் தொடவே இல்லை. பையன்களுக்குப் பாடம் நடத்தினார், ரிடையர் ஆனார், புத்தூரில் வீடு கட்டினார். நீ எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் உனக்கு மைக்ராஸ்கோப்பில் முதன்முதலில் கண் வைக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். வேலை சுத்தமில்லை என்றாயே, அவருடைய வேலையைவிடச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. அசுத்தம் என் பக்கத்திலிருந்து போனது.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால் என்னிடம் இருப்பதெல்லாம் இந்த மாதிரிதான். டியூபைத் தொட்டவன் யார் என்று எழுதிவை. நீ தொட்டதை மட்டுமில்லை, லேபைப் பெருக்கினவர்கூட எதைத் தொட்டார் என்று கேட்டு எழுதிவை. ஆனால் கோபமாகக் கேட்காதே. கோபமாகக் கேட்டால் என் மாதிரி ஆட்கள் பஞ்சை எடுக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லுவார்கள். சிரித்துக்கொண்டே கேள், சந்தனம் வைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். கல்யாணமானால் வீட்டிலும் இப்படியே கேள். உன் அம்மா இந்த முறையில்தான் என்னிடமிருந்து எல்லாவற்றையும் வாங்குவாள். இது ஒன்றை மட்டும் அவளாலும் வாங்க முடியவில்லை.

இனிமேல்தான் விஷயம். நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது உன் பெட்டியைத் திறந்தேன். பயப்படாதே, பஞ்சைத் தொடவில்லை. ஒரு டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஆரஞ்சு மிட்டாய். பதிமூன்று வருஷம் கழித்து, அதே ஆரஞ்சு. மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனேன். உன் தீசிஸில் என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது வெள்ளரிப்பழம்தான், சத்தியமாக.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ வந்துவிட்டாய். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கையில் காகிதத்தைப் பார்த்து, "என்ன, உயிலா?" என்றாய். கோபம் ஆறிவிட்டது என்று தெரிந்தது. என் எழுத்தைப் படிக்க உனக்கு ஒரு வாரம் ஆகும், உட்கார், நானே படித்துக் காட்டுகிறேன் என்று முதலிலிருந்து படித்தேன். ஊறுகாய் ஜாடி வந்த இடத்தில் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். சந்தனம் வந்த இடத்தில் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "எல்லா டியூப்லயுமா வெச்சீங்க?" என்றாய்.

"இருபத்தி நாலுலயும்."

"ஒண்ணு ரெண்டாவது விட்டுவெச்சிருக்கக் கூடாதா அப்பா?"

"ஓரவஞ்சனை பண்ண முடியுமாடா?"

உனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தாய், அப்படியும் வந்தது. அப்புறம் பஞ்சை அடுப்பில் போட்ட இடம் வந்தது, அங்கே நீ சிரிக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்க்காமல் படித்தேன். வெள்ளரிப்பழம் என்ற வார்த்தை மறுபடியும் வந்ததும் எழுந்துவிட்டாய்.

"நானும் அதைத்தான் எழுதியிருக்கேன். பழ வாசனைன்னு. சாரோட அந்த நோட்டு இப்ப எங்க இருக்கும்?"

"அவர் வீட்டுலதான். போன கிறிஸ்துமஸுக்குப் பார்க்கப் போனப்ப அலமாரியில இருந்துச்சு. இருடா, இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

"உப்புச் சோதனை, சர்க்கரைச் சோதனை எல்லாம் அதுல இருக்கா?"

"ஆறு மாசத்து வேலையும் இருக்கு. உட்காரு, கேளு."

நீ உட்காரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாய். தீசிஸைப் புரட்டி அந்த வாக்கியம் இருந்த தாளை மட்டும் உருவினாய். கிழித்த சத்தம் வீட்டுக்கே கேட்டது. "எனக்கு முன்னாடியே அவர் பார்த்துட்டாரு" என்றாய், எங்களிடம் இல்லை, அந்த டியூபிடம். இரண்டு வருஷத்து வேலை உனக்கு. முதல் ஆள் நீ இல்லை என்று தெரிந்தால் உன் முகம் எப்படிப் போகும் என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். நீயோ பரீட்சையில் எழுதியது சரியா என்று பார்க்க ஓடுகிற பையன் மாதிரி செருப்பைத் தேடினாய். கீழே கொட்டியதை வழித்து வைத்திருந்த சிமிழோடு அம்மா பின்னாலேயே ஓடிவந்து, "டியூபுக்கு வேண்டாம்டா, நெத்தியைக் காட்டு" என்றாள். குனிந்து காட்டினாய். சைக்கிள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

படிக்காமல் விட்ட அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். சாரிடம் போய் நீ சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருந்தேன். நீ கேட்காமல் போனதே நல்லதாயிற்று. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கிழிப்பதை இப்போதுதான் உன்னிடம் கற்றுக்கொண்டேன். நீ நோட்டைக் கேட்பாய், வாசனையைச் சொல்லுவாய், ஆனால் சந்தனத்தை மட்டும் சொல்ல மாட்டாய். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சார் நோட்டையும் டியூபையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்பார். அதற்குப் பதில் தெரிந்தவன் இந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான்.

அம்மா சலவைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டாள். புத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி இருக்கிறது. அவசரத்தில் நீ என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். உன்னுடையதில் என் கால் நிற்காது, பரவாயில்லை, கையில் தூக்கிக்கொண்டு வருகிறேன். நான் வரும்வரைக்கும் சாருக்கு அந்த டியூபின் பஞ்சைத் திறந்து காட்டாதே. அவர் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகும்போது நான் அங்கே நிற்க வேண்டும், அப்போதுதான் சந்தனத்தை நானே என் வாயால் சொல்ல முடியும்.